புது டிராக்டரும் பழுதுச் செலவும்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், பூச்சி மருந்து பற்றித்தான் எங்களிடம் வழக்கமாகக் கேட்பீர்கள். சில வருடங்களாகக் கிராமத்துக் கூட்டங்களில் வேறொரு கேள்வியும் வருகிறது. "சார், லட்சக்கணக்கில கடன் போட்டு டிராக்டர் வாங்கினோம். மஞ்சள் விளக்கு எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. ஊர் மெக்கானிக் கையை விரிச்சிட்டார். கம்பெனி ஆள் லேப்டாப்போட வரணுமாம். அவர் வர நாலு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் வயல்ல ஈரம் நிக்குமா?"

நியாயமான கேள்வி. மானாவாரி நிலத்தில் மழை பெய்த மூன்றாம் நாள் உழ வேண்டியதை எட்டாம் நாள் உழுதால் பலன் இல்லை. சம்பா நாற்று பறித்துக் கட்டி வைத்த பிறகு சேறு உழாமல் வண்டி நின்றால், நாற்றும் வீண், நடவு ஆள் கூலியும் வீண். பழுது பார்க்கிற பில் ஒரு நஷ்டம் என்றால், பட்டம் தவறுவது அதைவிடப் பெரிய நஷ்டம். ஆகவே புது வண்டிகள் ஏன் இப்படி இருக்கின்றன, செலவு எங்கே ஏறுகிறது, நம்மால் எதைத் தடுக்க முடியும் என்று இன்று பார்ப்போம்.

என்ன மாறியது?

புகையைக் குறைப்பதற்காக மத்திய அரசு விதிகளை இறுக்கியது. சாலையில் ஓடும் லாரி, லோடு வண்டி, கார், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. டிராக்டருக்குத் தனி விதி. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 'ட்ரெம் 4' என்ற விதி 2023 ஜனவரி முதல் அமலானது. டீசல் புகையில் உள்ள கரித்தூளும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுவும் நுரையீரலைக் கெடுப்பவை. நாள் முழுக்க அந்தப் புகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிற உங்களுக்கே முதல் கெடுதி. ஆகையால் விதியின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த விதிக்கு ஏற்றபடி என்ஜினை மாற்றியபோது, பழுது பார்க்கும் முறையும் அடியோடு மாறிவிட்டது. அதை நமக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. சங்கடமெல்லாம் அங்கேதான்.

பழைய பம்பும் புதிய பம்பும்

பழைய டிராக்டரில் டீசல் பம்பு முழுக்க முழுக்க இரும்பு வேலை. என்ஜின் சுற்றினால் பம்பு சுற்றும். பம்பு தள்ளுகிற டீசல், நாஸிலில் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வந்ததும் பீய்ச்சி அடிக்கும். எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் என்பதைப் பம்புக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் கவர்னரும் முடிவு செய்யும். மெக்கானிக் காதால் கேட்டு, புகையின் நிறம் பார்த்து, ஸ்பானரால் திருகிச் சரி செய்வார். நாஸில் போனால் சில நூறு ரூபாயிலிருந்து வேலை முடிந்துவிடும்.

புதிய வகைக்குக் 'காமன் ரெயில்' என்று பெயர். பம்பு டீசலை ஒரு தடித்த குழாயில் அடைத்து வைக்கிறது. அதில் அழுத்தம் 1,600 பார் வரைக்கும், சில என்ஜின்களில் அதற்கு மேலும் போகும். உங்கள் டிராக்டரின் பின் டயரில் இருக்கும் காற்று சுமார் ஒரு பார்தான் என்றால், இது எத்தனை மடங்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாயிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். அதைத் திறப்பதும் மூடுவதும் மின்சாரம். எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கட்டளையிடுவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி.

இதனால் நன்மை உண்டு. புகை குறைவு, சத்தம் குறைவு, காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் இன்ஜெக்டருக்குள் ஓடும் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி, நம் தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குதான். பழைய பம்பு தாங்கிக்கொண்ட தூசியையும் தண்ணீரையும் இது தாங்காது. அது கெட்டால் ஒரு இன்ஜெக்டரே ஐந்து இலக்கத்தில் விலை. நாலு சிலிண்டருக்கு நாலு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வண்டி ஏன் இழுக்க மறுக்கிறது?

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கண்ணும் காதும் சென்சார்கள். என்ஜின் தண்ணீரின் சூடு, ரெயிலின் அழுத்தம், சுற்றும் வேகம், ஆக்ஸிலரேட்டர் மிதி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பலவற்றை அவை அளந்து சொல்கின்றன. ஒரு சென்சார் தரும் கணக்கு பொருந்தவில்லை என்றால், பெட்டி என்ஜினைக் காப்பாற்றுவதற்காக அதன் சக்தியைக் குறைத்துவிடும். சிலவற்றில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஏறாது. அப்போது விளக்கு எரியும். அதே நேரத்தில் எந்த இடத்தில் கோளாறு என்று ஓர் எண்ணை நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் 'ஃபால்ட் கோடு' என்று பெயர். ஸ்கேனர் என்ற கருவியை மாட்டினால் அந்த எண் தெரியும்.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வைக்க வேண்டும். அந்த எண் சொல்வது கோளாறு எந்தப் பக்கம் என்பதைத்தான். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்லாது. 'ரெயில் அழுத்தம் குறைவு' என்று எண் வந்தால் பம்பு கெட்டிருக்கலாம். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் காற்று இழுக்கலாம். அல்லது சென்சாருக்குப் போகும் வயர் தளர்ந்திருக்கலாம். முதலில் சொன்னதற்கு லட்சத்தை ஒட்டிய செலவு. கடைசியில் சொன்னதற்குச் செலவே இல்லை. இதைச் சோதித்துப் பார்க்காமல் பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் பில் ஏறுவதற்கு முக்கிய காரணம்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் வண்டி, சேறு உழும்போது விட்டுவிட்டு நின்றது. முதலில் ஃபில்டரை மாற்றினார்கள். பிறகு ஒரு சென்சார். பிறகு இரண்டு இன்ஜெக்டர். பதினோரு நாள் ஓடிப்போனது. கடைசியில் பார்த்தால், பானெட்டுக்கு அடியில் எலி கடித்த ஒற்றை வயர். மாற்றிய பாகங்களுக்கெல்லாம் பணம் கட்டியாயிற்று. நடவுக்கு வாடகை வண்டிதான் உழுதது. அந்த விவசாயி மேலும் தவறில்லை, அந்த மெக்கானிக் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகவும் சொல்ல முடியாது. சோதிக்கும் பயிற்சி இல்லாததால் வந்த வினை.

முதல் வேலை: டீசல் சுத்தம்

புது என்ஜினுக்கு எமன் தண்ணீர். அடுத்தது தூசி. இரண்டும் பெரும்பாலும் நம் கேனிலிருந்தும் டிரம்மிலிருந்தும்தான் டேங்குக்குப் போகின்றன.

பங்கில் நேராக டேங்கில் போடுவதே நல்லது. கேனில்தான் வாங்க முடியும் என்றால், அந்தக் கேனை டீசலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி மருந்து கலந்த கேன், தண்ணீர் பிடித்த கேன் கூடவே கூடாது. துரு ஏறிய இரும்பு டிரம்மைத் தூக்கி ஓரத்தில் போடுங்கள். கேனை ஒரு ராத்திரி அசைக்காமல் வைத்தால் தண்ணீரும் மண்டியும் அடியில் தங்கும். மேலாக ஊற்றிவிட்டு அடியில் இருப்பதைத் தள்ளிவிட வேண்டும். புனலில் வலை இருக்க வேண்டும்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வையுங்கள். பாதி காலியாக இருக்கும் டேங்கில் ராத்திரிக் குளிரில் ஈரம் வேர்த்து டீசலில் இறங்கும். வெயில் காலத்தில் அவ்வளவு தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் நிச்சயம் தெரியும்.

டீசல் ஃபில்டரோடு சேர்ந்து தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இருக்கிறது. தினமும் காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்யுமுன், அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. தண்ணீர் விளக்கு எரிந்த பிறகும் 'இந்த ஒரு வயலை முடிச்சிடறேன்' என்று ஓட்டினால், அந்த வயல் மிகவும் விலை உயர்ந்த வயலாகப் போய்விடும்.

மண்ணெண்ணெய் கலக்கும் வழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. பம்புக்குள் உயவு எண்ணெய் தனியாகக் கிடையாது. டீசலின் வழுவழுப்புதான் அதற்கு எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழுவழுப்பு குறைந்து உள்ளே தேய்ந்துவிடும். வேண்டவே வேண்டாம்.

ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன மணி நேரத்துக்கு மாற்றுங்கள். தூசி அதிகமாக ஓடும் வண்டி என்றால் அதற்கு முன்பே மாற்றலாம். பாதி விலைக்குக் கிடைக்கும் போலி ஃபில்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். புது ஃபில்டரைப் போடும்போது அதன் வாயில் நேராக டீசலை ஊற்றி நிரப்புவது பழைய பழக்கம். இதில் அப்படி ஊற்றினால் வடிகட்டாத டீசல் உள்ளே போய்விடும். காலியாகவே மாட்டி, கைப்பம்பால் அடித்து நிரப்புங்கள். சில வண்டிகளில் சாவியைப் போட்டால் மின்பம்பு தானே நிரப்பும்.

உயிருக்கு ஆபத்தான ஒரு பழக்கம்

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பழைய டிராக்டரில் ஏர் லாக் ஆனால் என்ன செய்வோம்? நாஸில் குழாயின் நட்டைத் தளர்த்தி, என்ஜினைச் சுற்றவிட்டு ஏர் எடுப்போம். புது என்ஜினில் ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது. 1,600 பார் அழுத்தத்தில் வரும் டீசல், ஊசிமுனை அளவு துவாரத்தில் வந்தாலும் கையின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதும் இதே ஆபத்துதான்.

அப்படி ஏற்பட்டால் வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். விரலை, கையை எடுக்க வேண்டிய நிலை வரும். "சின்னக் குத்துதானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மின்சாரம், எலி, தண்ணீர்

புது வண்டியில் பாதிக் கோளாறு வயரிலும் கனெக்டரிலும்தான் தொடங்குகிறது. அதற்குச் சில எளிய காப்புகள்:

1. பேட்டரி முனையைச் சுத்தமாகவும் இறுக்கமாகவும் வையுங்கள். பேட்டரி சக்தி இறங்கினாலே இல்லாத கோளாறையெல்லாம் பெட்டி காட்டும். விளக்கு எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியைத்தான்.

2. என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றக் கூடாது. பெட்டி கருகிவிடும்.

3. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் லாரி பேட்டரியிலிருந்து வயர் போடுவார்கள். லாரிக்கு 24 வோல்ட், டிராக்டருக்கு 12 வோல்ட். இது பெட்டிக்குச் சாவு.

4. டிராக்டரில் வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால், பேட்டரி முனைகளையும் கம்ப்யூட்டர் பெட்டியின் கனெக்டரையும் கழற்றிய பிறகே வைக்க வேண்டும். டிரெய்லரிலோ கலப்பையிலோ வெல்டிங் என்றால் டிராக்டரிலிருந்து பிரித்துத் தள்ளி நிறுத்துங்கள்.

5. சர்வீஸ் செய்யும் இடத்தில் அழுத்தத் தண்ணீரை என்ஜின் பக்கம் பீய்ச்ச விடாதீர்கள். கனெக்டருக்குள் தண்ணீர் போனால் பச்சை பூத்துவிடும்.

6. எலிக்கு வழி பாருங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். பல நாள் ஓட்டாமல் நிறுத்தினால் வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள். எலிப்புழுக்கை தெரிந்தால் வயரைத் தடவிப் பார்த்த பிறகே சாவி போடுங்கள்.

புகைக்குழாயில் இருக்கும் பெட்டிகள்

சில டிராக்டர்களிலும் பல லோடு வண்டிகளிலும் புகைக்குழாயில் கரித்தூள் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு உள்ளே 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு ஏற வேண்டும். வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து வீட்டுக்கு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காய்கறி வண்டியில் அந்தச் சூடு ஏறாது. கரி அடைத்து விளக்கு எரியும். வாரம் ஒரு முறை பெரிய ரோட்டில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கரி எரிந்துகொண்டிருக்கும்போது என்ஜினை நிறுத்த வேண்டாம். அந்த நேரத்தில் வண்டி வைக்கோல் மேலோ, காய்ந்த சருகு மேலோ நிற்கவும் கூடாது. தீப்பிடிக்கும்.

இந்த வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த தனி வகை என்ஜின் ஆயில் உண்டு. கையேட்டில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். டப்பாவின் மேல் அந்தத் தரம் அச்சிட்டிருக்க வேண்டும்.

பெரிய என்ஜின் உள்ள வண்டிகளில் டீசலைத் தவிர இன்னொரு சிறு டேங்கும் இருக்கும். அதில் ஊற்றுவது யூரியா கரைசல்: நூற்றுக்கு 32.5 பங்கு மிகச் சுத்தமான யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். "யூரியாதானே சார், மூட்டை வீட்டுலயே கிடக்கு, கரைச்சு ஊத்திடலாமா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கூடாது. நமக்குக் கிடைக்கும் உர யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதிலுள்ள எண்ணெயும் கசடும் அந்தக் குழாயையும் தெளிப்பானையும் அடைத்துவிடும். மூட்டையில் மிச்சம் பிடித்த ஐம்பது ரூபாய்க்குப் பெரிய பில் வரும். அதேபோல அந்தக் கரைசலைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியையே போடாதீர்கள். டேங்கைக் கழுவினால் தப்பிக்கலாம். சாவி போட்டுப் பம்பு வழியாகப் போய்விட்டால் செலவு பெரிது.

இந்தப் பெட்டிகளை அடைத்துவிட்டால் வண்டி நன்றாக இழுக்கும் என்று சொல்லிக்கொண்டு சிலர் வருகிறார்கள். அப்படிச் செய்தால் வாரண்டி போய்விடும். சட்டப்படியும் குற்றம். பிறகு கம்பெனியிடம் நியாயம் கேட்க வாய் இருக்காது.

விளக்கு எரிந்தால்

சிவப்பு விளக்கு என்றால் உடனே நிறுத்த வேண்டும். ஆயில் அழுத்தம் அல்லது என்ஜின் சூடு பற்றிய எச்சரிக்கையாக இருக்கும். மஞ்சள் விளக்கு என்றால் வேலையைக் குறைத்து, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் நீங்களே பார்க்க வேண்டியவை: பேட்டரி முனை, டீசல் அளவு, தண்ணீர் கிண்ணம், ஏர் ஃபில்டர், ஃபியூஸ், கண்ணுக்குத் தெரியும் வயர். விளக்கை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் ஓடிய பிறகு எரிந்தது, உழும்போதா, ரோட்டிலா, என்ஜின் சூடாக இருந்ததா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நோயாளி சரியாகச் சொன்னால்தான் வைத்தியருக்கு வேலை சுலபம்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

தயங்காமல் கேளுங்கள். பணம் உங்களுடையது.

1. ஸ்கேனரில் வந்த எண் என்ன? எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. இந்தப் பாகம்தான் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வயரைச் சோதித்தீர்களா? டீசல் அழுத்தத்தை அளந்தீர்களா? இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்தீர்களா?

3. வேலை தொடங்குமுன் உத்தேசச் செலவு எவ்வளவு? எழுத்தில் வேண்டும். அதற்கு மேல் போனால் என்னைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

4. கழற்றிய பழைய பாகம் எங்கே? அதைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றினால் மட்டும் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

5. போட்ட பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி? பில்லில் இருக்கிறதா?

புதிதாக இன்ஜெக்டர் போட்டால், அதன் தலையில் உள்ள எண்ணைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டிய வண்டிகள் உண்டு. பதியாவிட்டால் புது இன்ஜெக்டர் போட்டும் புகையும் நடுக்கமும் போகாது. பதிந்தார்களா என்று கேளுங்கள்.

பில்லையும் சர்வீஸ் புத்தகத்தையும் பட்டாச் சிட்டாவோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். சர்வீஸ் தவறவில்லை என்று காட்ட அதுதான் ஆதாரம்.

நமக்கு இருக்கும் உரிமை

உதிரி பாகமும் கையேடும் சோதனைக் கருவியும் கம்பெனியின் கைக்குள்ளேயே இருந்தால், விவசாயி அங்கேதான் போயாக வேண்டும். இந்தக் குறை நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் ஒரு சட்டம் போட்டது. விவசாய இயந்திரம் செய்யும் கம்பெனிகள், பழுது பார்க்கத் தேவையான கருவியையும் தகவலையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்பது அந்தச் சட்டம். 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அந்த நாட்டு மத்திய வர்த்தக ஆணையம், பழுது பார்க்கும் வேலையைத் தன் டீலர்களிடமே கட்டிப்போட்டிருக்கிறது என்று ஜான் டீர் கம்பெனி மேல் வழக்கே தொடுத்தது.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று. அதற்கென ஓர் இணையதளம் 2022 டிசம்பர் 24-இல் தொடங்கப்பட்டது. கொலராடோவில் போலக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டமாக அது அமையவில்லை. ஆனாலும் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. சொந்த உழைப்பால் பிழைக்க டிராக்டர் வாங்கிய விவசாயி அந்தச் சட்டத்தின்படி நுகர்வோர்தான். 50 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். குறை ஏற்பட்ட இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

வாங்குமுன் யோசியுங்கள்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிப்பதில் அர்த்தமில்லை. அங்குசத்தின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தே யானையை வாங்க வேண்டும்.

எத்தனை குதிரைத் திறன் உங்களுக்குத் தேவை? ஐந்து ஏக்கருக்கும் பக்கத்து வயல் வாடகைக்கும் 55 குதிரைத் திறன் வேண்டுமா? அடுத்த வீட்டுக்காரர் வாங்கினார் என்பதற்காக வாங்கக் கூடாது. இன்று நம் வயல்களில் ஓடும் 50-க்கு உட்பட்ட டிராக்டர்கள் பெரும்பாலும் இயந்திரப் பம்பு உள்ளவை. நீங்கள் பார்க்கும் மாடல் எந்த வகை என்று டீலரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறார்கள். மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கிறது, பி.டி.ஓ.வில் உண்மையான சக்தி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். டீலரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

டீலர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்? அவரிடம் ஸ்கேனர் எத்தனை? பயிற்சி பெற்ற மெக்கானிக் எத்தனை பேர்? அறுவடை நேரத்தில் கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் வருவார்? இதை ஷோரூமில் கேட்டால் மட்டும் போதாது. அதே வண்டியை இரண்டு வருடம் ஓட்டிய விவசாயியிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்வது விளம்பரத்தைவிட மேலானது.

ஓடும் மணிக்கு ஒரு தொகை என்று பழுதுக்காக ஒதுக்குங்கள். வருடம் 500 மணி ஓடும் வண்டிக்கு மணிக்கு 60 ரூபாய் எடுத்துவைத்தால் 30,000 ரூபாய் சேரும். வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் அந்த 60 ரூபாயை வாடகையிலேயே சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கையில் வரும் காசெல்லாம் லாபம் போலத் தோன்றும். இன்ஜெக்டர் போகிற அன்றுதான் உண்மை தெரியும்.

குறைந்த நிலம் உள்ளவர்கள் வாங்காமலே இருக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். பழுது அவர்கள் பாடு.

பழைய டிராக்டர் நன்றாக ஓடுகிறது என்றால், வெட்கப்பட்டு அதை விற்க வேண்டாம். என்ஜினைத் திறந்து வேலை பார்க்கும் செலவையும் புது வண்டியின் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே பாடம்

2020-க்குப் பின் வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்தான். டேங்குக்குள் இருக்கும் மின்பம்புக்குப் பெட்ரோலே குளிர்ச்சி. ரிசர்வில் வைத்தே ஓட்டினால் பம்பு சீக்கிரம் போகும். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பலவற்றில் நடக்காது. 2025 முதல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழையில் நிறுத்தினால் டேங்க் மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊருக்கு ஒரு ஸ்கேனர்

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் ஊரில் உழவர் உற்பத்தியாளர் குழு இருந்தால், ஒரு நல்ல ஸ்கேனரையும் மல்டிமீட்டரையும் பொதுவில் வாங்கி வையுங்கள். ஐ.டி.ஐ. படித்த பையன் ஒருவனுக்குப் பயிற்சி கொடுங்கள். எல்லாப் பழுதையும் அவன் பார்க்க வேண்டியதில்லை. எண்ணைப் படித்து, வயரையும் பேட்டரியையும் சோதித்து, இது ஊரிலேயே முடியும், இது கம்பெனிக்குப் போக வேண்டும் என்று பிரித்துச் சொன்னால் போதும். கம்பெனி ஆள் வருமுன்பே எண்ணைப் போனில் சொல்லிவிட்டால், அவர் சரியான பாகத்தைக் கையோடு எடுத்து வருவார். நாலு நாள் ஆவது ஒரு நாளில் முடியும்.

ஊர் மெக்கானிக்குகளை ஒதுக்கிவிடாதீர்கள். கிளட்ச், பிரேக், கியர், ஹைட்ராலிக் எல்லாம் இன்றும் அவர்கள் கைவேலைதான். அவர்களையும் இந்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள். வண்டி எவ்வளவு புதிதாக வந்தாலும், அதை நம் ஊரிலேயே பார்க்கத் தெரிந்த ஆள் இருந்தால்தான் பட்டம் தவறாமல் பயிர் வைக்க முடியும்.

தினமும் காலையில் தண்ணீரை வடியுங்கள். பழுதைக் கண்டுபிடித்த பிறகே பாகத்தை மாற்றுங்கள். இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் பில்லில் பெரும்பகுதி குறையும்.